கைக்கும் கூடத்துக்கும்

விளையாட்டுப் பொருள்களை நம் முன்னோர் இரண்டு வகையாக வைத்திருந்தனர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இருந்த இடத்தில் இருப்பவை ஒரு வகை. உடன் வருபவை மற்றொரு வகை. தமிழகத்துப் பழங்கோயில்களுக்குச் சென்றவர்கள், மண்டபத்தின் கல் தளத்தில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகள் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டிருக்கலாம். அக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு செல்ல எவராலும் இயலாது. ஆட விரும்புவோர் அங்கே சென்று, அந்தத் தளத்தில்தான் அமர வேண்டும். பல்லாங்குழியோ அப்படியன்று. பதினான்கு குழிகள் கொண்ட பலகையின் நடுவே கீல் வைத்து மடக்கிவிடுவார்கள். மூடினால் அது பெட்டி. சோழிகள் உள்ளேயே அடங்கிவிடும். விரித்தால் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் களம். புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணோடு அதுவும் போகும். நம்மோடு வாழும் மலாய் மக்களின் சொங்காக், பல்லாங்குழிக்கு உறவுமுறை உடைய ஆட்டமே. பக்கத்துக்கு ஏழு குழியும் முனைக்கொரு பெருங்குழியுமாகப் படகுபோல் நீண்டிருக்கும் அந்தப் பலகை மடங்குவதில்லை. அது பெரும்பாலும் வீட்டுக் கூடத்தில் அமர்ந்துவிட்ட பொருள்.

பத்து பாகாட் என்னும் எங்கள் ஊர்ப் பெயருக்கே உளியால் செதுக்கிய கல் என்பதுதான் பொருள். கல்லைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று உடன் பணியாற்றுவோர் கேலி பேசுவர். ஆகவே செய்திக்கு வருகிறேன்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு நாள் இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, வீட்டில் தொலைக்காட்சியோடு இணைத்தும் ஆடலாம், வெளியே கையில் எடுத்துச் சென்றும் ஆடலாம் என்று ஒரே கருவியை விற்கிறார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடாதா? அப்படியொரு பொருள் நிலைக்குமா?" மகனுக்கு அதை வாங்கித் தருவதா வேண்டாவா என்னும் தடுமாற்றம் அவருக்கு. விலையும் ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று.

அவர் குறிப்பிட்டது, ஜப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நிண்டெண்டோ நிறுவனம் 2017 ஆம் ஆண்டு மார்ச்சு 3 ஆம் நாள் வெளியிட்ட சுவிட்ச் என்னும் கருவியை. (எங்கள் வீட்டில் அப்பெயர் முதன்முதல் ஒலித்தபோது, எந்த அறை விளக்கு எரியவில்லை என்று என் மனைவி வினவினார்.) நிலைக்குமா என்னும் வினாவுக்குக் கடைத்தெரு எப்போதோ விடை சொல்லிவிட்டது. பதினைந்து கோடிக்கு மேற்பட்ட சுவிட்சுகள் உலகெங்கும் விற்றுள்ளன. 2025 ஆம் ஆண்டு சூன் 5 ஆம் நாள் அதன் தம்பியாகிய இரண்டாம் சுவிட்ச் வந்தபோது, நான்கே நாளில் 35 இலட்சத்துக்கு மேல் விற்றது. அக்கணக்கைச் சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அவருடைய வீட்டைப் பற்றி. கோடிக் கணக்கில் விற்ற பொருள் ஒரு குறிப்பிட்ட வீட்டில் நிலைக்குமா என்பது வேறு வினா. அதை எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

கையடக்க மின்னணு ஆட்டத்தை நான் முதன்முதலாகக் கண்டது எண்பதுகளின் தொடக்கத்தில், இடைநிலைப் பள்ளி மாணவனாக இருந்தபோது. பள்ளி விடும் நேரத்தில் வாயிலுக்கு எதிரே ஒருவர் மிதிவண்டியை நிறுத்துவார். அதன் பின்புறப் பலகையில் உள்ளங்கை அளவான நான்கைந்து கருவிகள் இருக்கும். ஓர் ஆட்டத்துக்கு 20 காசு. யாரும் எடுத்துக்கொண்டு ஓடிவிடாதபடி ஒவ்வொன்றையும் கயிற்றால் வண்டியோடு கட்டியிருப்பார். எங்கும் கொண்டு செல்லலாம் என்பதற்காகவே படைக்கப்பட்ட பொருளை, ஒரு முழக் கயிற்றுக்கு அப்பால் நகராமல் வைத்துப் பிழைத்தார் அவர். நாங்கள் ஒருவர் ஆட, எட்டுப் பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்போம். பசியாறைக் காசு அங்கே கரைந்ததும் உண்டு.

அக்கருவிகளை உருவாக்கியவர் குன்பெய் யோகோய் என்னும் நிண்டெண்டோ பொறியாளர். அதிவேகத் தொடர்வண்டியில் பயணம் செய்த அலுவலர் ஒருவர், பொழுது போகாமல் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது என்பர். கணக்குக் கருவிகளுக்கிடையே நடந்த விலைப் போரால் திரவப் படிகத் திரை அப்போது மிக மலிந்துவிட்டிருந்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க முயலாமல், முதிர்ந்து மலிந்த நுட்பத்தை வேறொரு வேலைக்குத் திருப்பிவிடுவது யோகோயின் கொள்கை. திரையையும் சில்லையும் தந்த நிறுவனம் ஷார்ப். 1980 ஆம் ஆண்டில் முதல் ஆட்டம் வந்தது. ஷார்ப்பின் பெயர் எங்கள் மாவட்டத்தாருக்கு அயலானதன்று. ஸ்ரீ காடிங் தொழிற்பேட்டையில் அந்நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்ததை எங்கள் ஊரில் அறியாதார் இல்லை. 2020 ஆம் ஆண்டில், ஷார்ப்பின் மலேசியத் தொழிற்சாலையில் சுவிட்ச் கருவிகளும் பொருத்தப்படுகின்றன என்று ஜப்பானியச் செய்தி ஏடு எழுதியது. இந்நாட்டுத் தாய்மாரின் விரல்கள் பட்டு உருவான பொருளுக்காக இந்நாட்டுப் பிள்ளைகள் அடம் பிடிக்கின்றனர்.

வீட்டுக்கும் வெளிக்கும் ஒரே கருவி என்னும் எண்ணம் 2017 இல் புதிதாகப் பிறந்ததன்று. முன்னரே சிலர் முயன்று கைசுட்டுக் கொண்டனர். 1990 ஆம் ஆண்டில் ஜப்பானிய என்.இ.சி. நிறுவனம், தன் வீட்டுக் கருவியில் செருகும் அதே ஆட்ட அட்டைகளைச் செருகி ஆடக்கூடிய கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. வண்ணத் திரை, அழகிய படம். ஆனால் விலையோ யானை விலை. ஆறு மின்கலங்களும் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துபோகும். அதனினும் நெருங்கி வந்தது 1995 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சேகா நிறுவனம் வட அமெரிக்காவில் வெளியிட்ட நோமாட். நாடோடி என்று பொருள்படும் பெயர். வீட்டிலுள்ள சேகா கருவியின் ஆட்டங்கள் அனைத்தும் அதில் ஓடும். தொலைக்காட்சியோடும் இணைக்கலாம், இரண்டாம் ஆட்டக்காரருக்குக் கைப்பிடி செருகவும் துளை இருந்தது. ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த சுவிட்ச் செய்த அத்தனையையும் அது செய்தது. ஆயினும் தோற்றது.

ஏன் தோற்றது? மின்கலத்தை அது விழுங்கிய வேகம் ஒரு காரணம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக ஆறு கலம் வாங்க எத்தனை பேரால் இயலும்? நாடோடி என்று பெயர் சூட்டப்பட்டது சுவரிலுள்ள மின்துளையை விட்டு நகர முடியாமல் கிடந்தது. அதைவிடப் பெரிய காரணம் காலம். நோமாட் ஓட்டிய ஆட்டங்கள் பழைய தலைமுறைக்கு உரியவை. அதே 1995 இல் சேகா தன் அடுத்த வீட்டுக் கருவியாகிய சாட்டர்னை அமெரிக்காவில் விற்கத் தொடங்கிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் வீட்டுக்குச் சன்னல் வைத்தாற்போல் ஆயிற்று. இதற்கு மாறாக, 1989 இல் யோகோயின் குழுவினர் செய்த கேம் பாய், நிறமற்ற மங்கலான திரையோடு வந்து, நான்கே மின்கலத்தில் பத்து மணிக்கும் மேலாக ஓடி, உலகை வென்றது. கையோடு வருவதற்கு முதல் தகுதி அழகன்று; வழியில் நின்றுவிடாமையே.

நிண்டெண்டோவும் ஒருமுறை இடறியிருக்கிறது. 2012 இல் அது வெளியிட்ட வீ யூ என்னும் வீட்டுக் கருவியின் கைப்பிடியிலேயே திரையொன்று இருந்தது. தொலைக்காட்சியை மற்றவர்க்கு விட்டுக்கொடுத்து, கையிலுள்ள திரையில் ஆடலாம். ஆனால் கூடத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றால் தொடர்பு அறுந்துவிடும். மீண்டும் அந்த மிதிவண்டிக்காரரின் கயிறுதான். கண்ணுக்குத் தெரியாத கயிறு. 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் கருவிகளோடு அதன் கதை முடிந்தது. நிண்டெண்டோவின் அளவுக்கு அது பெருந்தோல்வி.

அந்தக் கயிற்றை அறுத்ததே சுவிட்ச். கூடத்தில் பெரிய பெட்டியும் கையில் சிறு திரையுமாகப் பிரிக்காமல், கையிலுள்ள பலகையே முழுக்கருவி என்று வைத்துவிட்டார்கள். கூடத்தில் இருப்பது வெறும் தாங்கி. தாங்கியில் அமர்த்தினால் படம் தொலைக்காட்சிக்குப் பாயும்; தூக்கினால் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து கையில் தொடரும். திறன்பேசிகளுக்கும் பலகைக் கணினிகளுக்குமாக உலகம் உருவாக்கி மலியச் செய்துவிட்ட சிறு சில்லு வகையால் இது கைகூடிற்று. ஆற்றலில் அக்காலத்துப் பிற வீட்டுக் கருவிகளுக்கு அது ஈடாகாது என்பது உண்மையே. யோகோய் 1997 இல் மறைந்துவிட்டார். அவருடைய கொள்கை மறையவில்லை.

இன்னொரு காரணம் பலர் கண்ணில் படுவதில்லை. அதுவரை நிண்டெண்டோ இரண்டு அடுப்பு வைத்துச் சமைத்தது. வீட்டுக் கருவிக்கு ஒரு குழு, கைக்கருவிக்கு மற்றொரு குழு. ஒன்றுக்கு வேண்டிய ஆட்டம் முடியும்வரை மற்றது காத்திருக்கும். 2013 முதல் 2015 வரை அக்குழுக்களை அது ஒன்றாக்கியது. அதன்பின் செய்த ஆட்டமெல்லாம் ஒரே பந்தியில் பரிமாறப்பட்டன. இரண்டு கருவிகளை ஒட்டவைத்ததால் வென்றது என்று சொல்வதைவிட, ஒரே உலையில் அரிசி போட்டதால் வென்றது என்று சொல்வதே பொருந்தும்.

இவ்வளவும் கடைத்தெருவின் கணக்கு. வீட்டின் கணக்கு வேறு. அதை எனக்குக் கற்பித்தது விளையாட்டுக் கருவியன்று, திறன்பேசி.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு 18 ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பள்ளி வாயில் மூடிற்று. ஆசிரியர்கள் புலனத்தில் பாடம் அனுப்பினர். திறன்பேசியைக் காட்டிலும் பெரிய இரட்டைக் கருவி ஏது? கையிலும் இருக்கும், அந்நாளில் வீட்டின் வகுப்பறையும் அதுவே. ஆனால் எங்கள் மாணவர் பலர் வீட்டில் ஒரே ஒரு திறன்பேசிதான். தந்தை சரக்குந்து ஓட்டப் புறப்பட்டால் அதுவும் புறப்பட்டுவிடும். காலை எட்டு மணிக்கு அனுப்பிய கணக்குக்கு விடை இரவு ஒன்பதரைக்கு வரும். எழுத்தில் தூக்கம் தெரியும். ஒரு சிறுமி மூன்றாம் ஆண்டு மாணவி. "அப்பா வந்துட்டாங்க சார்" என்றே ஒவ்வோர் இரவும் அவள் செய்தி தொடங்கும். கருவி இரண்டு இடத்துக்கும் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க அதனால் இயலவில்லை, அவ்வளவே.

ஆகவே இத்தகைய கருவியைப் பற்றி நான் கேட்கும் வினா ஒன்றுதான். காலையில் வீட்டை விட்டுப் புறப்படுபவர் யார். அவர் அதை எடுத்துச் சென்றபின் வீட்டில் எஞ்சுவோர் எத்தனை பேர்? இந்த வினாவை உற்பத்தியாளரும் அறிந்திருந்தனர் போலும். வீட்டுக்கு ஒன்று என்பதை ஆளுக்கு ஒன்று என்றாக்கினால் அவர்களுக்கு ஆதாயமே. 2019 செப்டம்பரில் அவர்கள் விற்ற லைட் என்னும் மலிவு வகையைத் தொலைக்காட்சியோடு இணைக்கவே முடியாது. அவ்வாண்டை அடுத்து, நம் ஆணை தொடங்கி இரண்டு நாள் கழித்து வெளியான அனிமல் கிராசிங் ஆட்டத்தில் ஒரு கருவிக்கு ஒரு தீவுதான். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவரும் ஒரே தீவில்தான் குடியேற வேண்டும். தனித்தீவு வேண்டுமானால் தனிக்கருவி வாங்க வேண்டும். தனிக்குடித்தனத்தை இத்துணை இனிமையாக விற்றவரை நான் கண்டதில்லை. இளம் ஆசிரியர் விலையை எண்ணி அந்த லைட் வகையை வாங்கலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்றேன். பல்லாங்குழியைப் பாதியாக அறுத்து ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்தால் ஆடுவது யாரோடு?

கூடத்துக்கும் உரியதாக இருப்பதால் என்ன பயன் என்பதை ஒரு சனிக்கிழமை மாலை என் வீட்டில் கண்டேன். கனடாவின் தொராந்தோ நகரில் வாழும் தமிழர் ஒருவரின் குழு உருவாக்கி, 2023 ஆம் ஆண்டு சூலை 31 ஆம் நாள் வெளியிட்ட ஆட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் வெண்பா. தமிழாசிரியர்களுக்கு வேறு என்ன வேண்டும்! எண்பதுகளில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தாயொருத்தியின் பெயர் அது; கணவன் பாவலன், மகன் கவின். தன் தாய் எழுதி வைத்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறை படிந்தும் போய்விட, எஞ்சிய வரிகளிலிருந்து ஒவ்வோர் உணவையும் அவள் மீட்டெடுக்க வேண்டும். சுடுவதில்லை, ஓடுவதில்லை, சமைப்பதுதான் ஆட்டம். 2024 இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகம் வழங்கும் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்புக்கான விருதை அது பெற்றது.

பேரன் அதைத் தொலைக்காட்சியில் ஆடிக்கொண்டிருந்தான். இட்டிலித் தட்டுகளை எம்முறையில் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் சேரும் என்பது புதிர். அவன் இரண்டு முறை தவறினான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, "ஒரு தட்டோட இட்டிலி மேல இன்னொரு தட்டோட இட்டிலி உக்காரக் கூடாதுடா, கொஞ்சம் திருப்பி வை" என்றார். அவன் திருப்பினான், இட்டிலி வெந்தது. அவருக்கு அத்தனை பெருமிதம். அடுத்து அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார்; அன்றைய தொடர்நாடகம் எட்டு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிந்ததை அவர் உணரவே இல்லை. அதே ஆட்டத்தைப் பேரன் அதற்கு முந்தைய மூன்று நாளாகப் படுக்கையில் கவிழ்ந்தபடி கையில் வைத்து ஆடியிருக்கிறான். தன் அடுப்பங்கரைக்குப் பத்தடி தொலைவில் ஓர் இட்டிலிப் பானை வெந்துகொண்டிருந்ததை அந்த மூன்று நாளும் அவர் அறியவில்லை.

அந்தக் கருவியைச் சிங்கப்பூரில் வாங்கியவர் என் மருமகன். ஜொகூரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலைதான் அவருக்கும். துவாசில் வேலை; அங்கே வாடகை அறை; சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை திரும்புவார். மகளும் ஒன்பது வயதுப் பேரனும் ஆறு வயதுப் பேத்தியும் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றனர். அறையில் தனிமையாக இருக்கிறது என்று முதற்சில வாரம் அவர் கருவியை உடன் எடுத்துச் சென்றார். தொலைக்காட்சிக்கு அருகே தாங்கி மட்டும், பறவை போய்விட்ட கூடுபோல் வாய் திறந்து நிற்கும். பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் அதைப் பார்ப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான். தந்தையும் இல்லை, ஆட்டமும் இல்லை என்பதை ஒரே பொருள் ஒவ்வொரு நாளும் நினைவூட்டினால் பிள்ளை என்ன செய்வான்? பிறகு மகள் கண்டித்துக் கருவி வீட்டிலேயே தங்கியது. அப்போது வேறு சிக்கல். வார நாளெல்லாம் ஆடித் தேர்ந்த மகனோடு சனிக்கிழமை மோதும் தந்தைக்கு எல்லா ஓட்டப் பந்தயத்திலும் கடைசி இடம். அவர் சிரித்தாலும் முகம் வாடுவதை நான் கண்டேன். "மாமா, நான் இல்லாமலே எல்லாம் நடக்குது" என்று ஒரு நாள் வாசலில் காலணி மாட்டிக்கொண்டே சொன்னார். அவர் சொன்னது ஆட்டத்தை மட்டுமன்று என்பதை அறிந்து நான் வாளாவிருந்தேன்.

வழி கண்டவன் பேரன். கருவியின் இருபுறமும் கழற்றி மாட்டக்கூடிய இரு சிறு கைப்பிடிகள் உண்டு. எங்களுடையதில் ஒன்று நீலம், மற்றது சிவப்பு. ஆளுக்கொன்றாகப் பிடித்து இருவர் ஆடலாம். "அப்பா, நீங்க சிவப்ப எடுத்துக்கிட்டுப் போங்க. நீங்க வர்ற வரைக்கும் ரெண்டு பேர் ஆட்டம் யாரும் ஆட முடியாது" என்றான். துவாசுக்குப் போகும் பேருந்தில், எதற்கும் தனித்துப் பயன்படாத அந்தச் சிவப்புத் துண்டை மருமகன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார். நான்கு மாதமாக இந்த ஒழுங்கு நடந்து வருகிறது.

பேத்திதான் இதை ஏற்கவில்லை. நீலம் அண்ணனுடையதாம், சிவப்புத் தன்னுடையதாம், தன்னைக் கேளாமல் அதைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்களாம். இரவு தொலைபேசியில் தந்தை அழைத்தால் அவர் சாப்பிட்டாரா என்று கேட்பதற்கு முன், சிவப்பு எங்கே என்றுதான் கேட்கிறாள். அவர் அதை எடுத்துத் திரையில் காட்ட வேண்டும். கருவியோடு சேர்த்தால்தான் அதற்கு மின்னூட்டம் ஏறும் என்று அண்ணன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஆகவே சனிக்கிழமை மருமகன் வந்து பையைக் கீழே வைப்பதற்குள் அவள் கை நீட்டி நிற்கிறாள். வாங்கிக்கொண்டு ஓடி, பலகையின் ஓரத்தில் தானே பொருத்துகிறாள். வேறு எவரையும் தொட விடுவதில்லை. தலைகீழாகச் செருகிவிட்டால், வெளியே எடுத்துத் திரும்பவும் செருகுகிறாள்.